நாலு மணி நேரமாம், திருச்சி!

என்னடா பேராண்டி, போனைத் தட்டினதும் பதில் வந்துருச்சா? கோலாலம்பூர்லேருந்து திருச்சி ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர், பறக்கிற நேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் உள்ளே. பலே! கணக்குல ஒரு பழுதும் இல்லை. ஒரே ஒரு சங்கதிதான் இடிக்குது. நம்ம வீடு கோலாலம்பூர்ல இல்லை. நீ போகப்போற குலதெய்வக் கோயில் திருச்சியிலயும் இல்லை. நாம கெடக்கிறது பகாவ் தாண்டி ஜெராம் பாடாங் பக்கம். கோயில் இருக்கிறது துறையூருக்கும் அங்கிட்டு. உன் போன் சொன்னது ஒரு ஓடுபாதைக்கும் இன்னொரு ஓடுபாதைக்கும் நடுவுல உள்ள தூரத்தை. ஓடுபாதையில உனக்கு யாருடா கெடா வெட்டிப் பொங்கல் வைக்கிறது?

மூஞ்சியைத் தூக்காதே. யூனிவர்சிட்டி வரைக்கும் போன பிள்ளை, எஸ்டேட் ஸ்கூல்ல ஆறாவதோட நின்ன கிழவன் சொல்றதைக் கேக்கணுமான்னு உனக்குத் தோணும். கேக்க வேணாம். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், நீ பாட்டுக்கு உக்காந்து தேத்தண்ணியைக் குடி. காதுல விழுந்தா விழட்டும்.

முதல்ல அந்த விமான நிலையம். பேரு கோலாலம்பூர் விமான நிலையம். இருக்கிறது சிலாங்கூர் சிப்பாங்ல, நம்ம நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி. கோலாலம்பூர்க்காரன் அம்பது கிலோமீட்டர் வந்து ஏறணும். நீலாய்க்காரனுக்கு அது பக்கத்து வீடு. பேரை அவன் எடுத்துக்கிட்டான், சத்தத்தை நம்மகிட்ட விட்டுட்டான். 1998 ஜூன் 27-ல திறந்தாங்க. அதுவரைக்கும் சுபாங்லதான் ஏறி இறங்கினோம். சிப்பாங்ல ஒதுக்கின நிலம் 100 சதுர கிலோமீட்டர்; செம்பனை நின்ன மண்ணு. கட்டடத்தை வரைஞ்சவர் கிஷோ குரோகாவான்னு ஒரு ஜப்பான்காரர். காட்டுக்குள்ள விமான நிலையம், விமான நிலையத்துக்குள்ள காடுன்னு அவருக்கு ஒரு யோசனை. வெளியில இருந்த மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டு, உள்ளே கண்ணாடிக்கு நடுவுல கொஞ்சம் மரத்தை நட்டு வச்சாங்க. நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தன் அதைச் சுத்திப் பார்த்துட்டு, ‘இங்க புல்லு வெட்ட ஆள் எடுப்பாங்களா?’ன்னு கேட்டுட்டு வந்தான். அவன்தான் அந்தக் கட்டடத்தைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவன்.

சரி, பக்கத்து வீடுதானே, நடந்தே போயிடலாம்னு நினைக்காதே. பகாவ்ல ரயில் ஸ்டேஷன் இருக்கு, இல்லைங்கல. ஆனா அது கிம்மாஸ்லேருந்து கிழக்குக்கரைக்குப் போற தண்டவாளம். உன்னைக் கிளந்தான்ல கொண்டுபோய் விடும். அங்கே போய் மீன் வாங்கலாம், திருச்சி விமானம் ஏற முடியாது. சிரம்பானுக்கு பஸ்ல வந்து கம்யூட்டர் ரயில் ஏறினா அதுல ஒரு வேடிக்கை இருக்கு. ரயில் நீலாயைத் தாண்டும், பாங்கியைத் தாண்டும், காஜாங்கைத் தாண்டும், பண்டார் தாசேக் செலாத்தான்ல உன்னை இறக்கி விடும். அங்கே வேற ரயில் மாறி, புத்ராஜெயா, சாலாக் திங்கி வழியா வந்த திசைக்கே திரும்பித் தெற்கே வரணும். அதாவது விமான நிலையத்தைப் பக்கவாட்டுல விட்டுட்டு வடக்கே போய், அங்கேருந்து திரும்பி வந்து அதைப் பிடிக்கணும். நம்ம கோயில்ல மூணு சுத்து சுத்தச் சொன்னா முட்டி வலிக்குதுங்கிற பய, இதுக்கு மட்டும் கூடுதல் காசு கொடுத்துச் சுத்துறான்.

அதனால உன் மாமன் காடிதான் கதி. மாமன் விடியக்காலை 3 மணிக்கு வர்றேன்னு சொல்வான். அவன் 3 மணின்னா நீ நாலுன்னு எழுதிக்க. கோலப்பிலா வந்து, புக்கிட் புத்துஸ் இறங்கி, சிரம்பானைத் தொட்டு, நெடுஞ்சாலையில ஏறினா மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு முன்னேபின்னே. பழைய புக்கிட் புத்துஸ் சடக்கு வளைவுல வாந்தி எடுக்காத குழந்தை இந்த ஜில்லாவுலயே கிடையாது. இப்ப புதுப் பாதை போட்டு நிமித்தி விட்டாங்க. ஆனா சிரம்பான்ல மாமன் ரொட்டி சானாய்க்கு நிறுத்துவான். அந்த அரை மணி நேரத்தை எந்த போனும் உனக்குக் காட்டாது. பெட்ரோல், டோல், ரொட்டி எல்லாம் உன் செலவு. மூணு மணி நேரத்துக்கு முன்னாடியே வந்து நில்லுன்னு வேற விமானக்காரன் சொல்வான்.

இப்பக் கூட்டு. வீட்டுலேருந்து விமான நிலையம் ரெண்டு மணி நேரம், ரொட்டியைச் சேத்தா ரெண்டரை. அங்கே காத்திருக்கிறது மூணு. ஆகாயத்துல நாலு. அங்கே இறங்கி முத்திரை வாங்கிப் பெட்டியைத் தேடி வெளியில வர ஒண்ணு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டுல இருக்கு. துறையூரு அதுக்கு நேர் எதிர்ப்பக்கம், காவேரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி. அம்பது கிலோமீட்டர்தான், ஆனா நம்ம ஊரு அம்பது இல்லை அது. ஊருக்குள்ள போய்ச் சேர இன்னும் ரெண்டு. ஆகமொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல. அதுல பறந்தது மூணுல ஒரு பங்கு. மிச்ச ரெண்டு பங்கும் நிக்கிறது, உக்கார்றது, திட்டுறது.

‘சென்னைக்கு டிக்கெட் மலிவா இருக்கு தாத்தா’ன்னு போன வாரம் சொன்னியே, அதையும் இப்பவே பேசித் தீத்துடுவோம். சிப்பாங்லேருந்து சென்னை ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். திருச்சியை விட அறுபது குறைச்சல். சந்தோஷம். இறங்கினதுக்கப்புறம் சென்னையிலேருந்து திருச்சிக்குத் தரையில 330 கிலோமீட்டர் போகணுமே, அது யாரு தாத்தா வீட்டுக் கணக்கு? ஆகாயத்துல அறுபது மிச்சம் புடிச்சு, ரோட்டுல முன்னூத்திமுப்பது தொலைக்கிற புத்தி நம்ம வம்சத்துல எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. பாட்டி வீட்டுப் பக்கமா இருக்கும். அந்தக் காலத்துல வேற வழியில்ல, சென்னையில இறங்கி எழும்பூர்ல மலைக்கோட்டை எக்ஸ்பிரசைப் புடிச்சோம். 2008 டிசம்பர்ல ஏர் ஏசியாக்காரன் இந்தியாவுக்கு முதன்முதலா விமானம் விட்டானே, எந்த ஊருக்கு விட்டான்? டில்லிக்கு இல்லை, பம்பாய்க்கு இல்லை. திருச்சிக்கு. நம்ம தோட்டத்து லயங்கள்ல யாரு எந்த ஜில்லாவுலேருந்து வந்தவங்கன்னு அவனுக்கு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கு. அவன் கண்டுபுடிச்சுக் கொடுத்த வழியை விட்டுட்டு நீ சென்னை வெயில்ல பெட்டியை இழுத்துக்கிட்டுத் திரியப் போறேங்கிற. இழு.

அடுத்தது மணி. இதுலதான் படிச்சவனெல்லாம் தடுக்கி விழுறான். டிக்கெட்டுல காலை 9 மணிக்குக் கிளம்பி 10.30-க்கு இறங்கும்னு போட்டிருந்தா, ஒன்றரை மணி நேரத்துல போயிடும்னு நம்ம கோயில் கமிட்டிக்காரர் ஒருத்தர் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. திரும்பி வர்ற டிக்கெட்டைப் பார்த்தாரு: மத்தியானம் 12-க்குக் கிளம்பி சாயந்திரம் 6.30. ‘வரும்போது மேட்டுல ஏறணும்ல, அதான் மெதுவா வருது’ன்னு காரணமும் கண்டுபுடிச்சிட்டாரு. ரெண்டு பக்கமும் அதே நாலு மணிதான் ஐயா, அவங்க கடிகாரம் நம்மளதை விட ரெண்டரை மணி நேரம் பின்னால ஓடுதுன்னு சொன்னா, ‘அப்ப மிச்சம் புடிச்ச ரெண்டரை மணி நேரத்தை யாரு வச்சுக்கிறா?’ன்னு கேட்டாரு. கமிட்டிக்காரர் கேக்கவேண்டிய கேள்விதான்.

ஆனா பேராண்டி, அந்த ரெண்டரையே ஒரு அரசாங்கக் கணக்கு. எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துல வித்தியாசம் ரெண்டு மணி நேரம்தான். 1982 சனவரி 1 பிறக்கிற ராத்திரி தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வைக்கச் சொன்னாங்க, சபாவும் சரவாக்கும் நாமும் ஒரே மணியில இருக்கணும்னு. அதுக்கும் முன்னாடி ஜப்பான்காரன் காலத்துல இங்கே டோக்கியோ மணியை மாட்டி வச்சிருந்தான்னு எங்கப்பா சொல்வாரு. ஆள்றவன் மாறினா முள்ளும் மாறும். சூரியன்கிட்டப் போய்க் கேட்டுப் பாரு, அது வேற பதில் சொல்லும். பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிஷம். சிப்பாங்குக்கும் திருச்சிக்கும் நடுவுல 23 டிகிரி. நாலால பெருக்கு. 92 நிமிஷம். அதாவது இங்கே விடிஞ்சு ஒன்றரை மணி நேரம் கழிச்சு அங்கே விடியுது. கடிகாரத்துல மட்டும் ரெண்டரை. நடுவுல உள்ள ஒரு மணி நேரம் ரெண்டு அரசாங்கமும் சேந்து போட்ட மணி.

இது உனக்குத் தெரியாது, ஆனா ரப்பர் பால் வெட்டினவனுக்குத் தெரியும். அப்பெல்லாம் இருட்டுலயே பிரட்டுக் களத்துல நிக்கணும். கிராணி பேரு வாசிப்பாரு, தண்டல் பின்னால நிப்பாரு. தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு நெரைக்குள்ள நுழைஞ்சா, விடியறதுக்குள்ள பாதி மரத்தை முடிச்சிடணும். ஏன்னா விடியுமுன்ன மரத்துக்குள்ள நீரழுத்தம் கூடுதலா இருக்கும், கத்தி பட்ட உடனே பால் மங்குக்கு ஓடி வரும். வெயில் ஏறினா இலை வழியா ஈரம் போயிடும், ஓட்டம் குறைஞ்சிடும். 1982-ல கடிகாரத்தைத் தள்ளி வச்சாங்களே, மரத்துக்கு யாரும் சர்க்குலர் அனுப்பல. அது பழைய நேரத்துக்கேதான் பால் விட்டுச்சு. அன்னையிலேருந்து நான் கடிகாரத்தை மரியாதைக்குக் கையில கட்டியிருக்கேன்.

காத்தையும் விட்டுடக் கூடாது. நீ போறது ஆடி மாசம். கீழே அம்மியும் பறக்குற ஆடிக்காத்து தென்மேற்குலேருந்து அடிக்கும். எதிர்க்காத்துல போறோமேன்னு பயந்துக்காதே. மேலே, வெகு உசரத்துல, அதே மாசங்கள்ல கிழக்குலேருந்து மேற்கே ஒரு காத்து ஓடுது. தென்னிந்தியாவுக்கு மேல அப்படி ஒரு காத்தோட்டம் இருக்குன்னு 1950-கள்ல எடுத்துச் சொன்னவர் கோட்டீஸ்வரம்னு ஒரு இந்திய வானிலை அறிஞர். அதோட மூச்சு இருக்கிறது 14, 15 கிலோமீட்டர் உசரத்துல. உன் விமானம் 10, 11 கிலோமீட்டர்ல போகும். இருந்தாலும் முதுகைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும். சில நிமிஷம் முன்னாடியே இறங்கிடுவே. அந்தச் சில நிமிஷத்தையும் பெட்டி சுத்துற பட்டைக்குப் பக்கத்துல நின்னு செலவழிச்சிடலாம்.

போற வழியைச் சொல்றேன். உலக உருண்டையில ரெண்டு ஊருக்கும் நேரா நூல் புடிச்சுப் பாரு. மலாக்கா நீரிணையைத் தாண்டும், சுமத்திராவோட வடக்கு முனையைத் தொடும், அப்புறம் வங்காள விரிகுடா, தண்ணி, தண்ணி, தண்ணி. ஒரு வழியா யாழ்ப்பாணத்துக்கு வடக்கால போய் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கரை ஏறும். விமானக்காரன் கட்டளைப்படி அங்கே இங்கே வளைஞ்சு போவான், அது வேற. ஆனா அந்த இடத்துல சன்னல் பக்கம் உக்காந்திருந்தா வலது பக்கமா ஒருதரம் எட்டிப் பாரு. கொஞ்சம் வடக்கே இருக்கிற கரைதான் நாகப்பட்டினம். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, 1025-ஐ ஒட்டி, ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பினது இந்தச் சோழக்கரையிலேருந்துதான். அவருக்கு இந்தத் தூரம் ஒரு படையெடுப்பு. உன் கொள்ளுப்பாட்டனுக்கு ஒரு ஆயுசு.

அவரு கதையை நீ கேட்டிருக்க மாட்டே. கேட்டிருந்தாலும் காதுல அந்தப் பஞ்சு மாதிரி ஒண்ணைச் செருகிக்கிட்டுக் கேட்டிருப்பே. தோட்டத்துக்கு ஆள் புடிக்க ஊருக்கு வந்த கங்காணி வெள்ளைச் சட்டை, கையில மோதிரம், குடைன்னு வந்தானாம். மலாயாவுல மரத்தைத் தட்டினா பால் வரும், பாலை வித்தா வெள்ளி வரும்னு சொன்னானாம். பொய்யில்ல பாரு, யாருக்கு வெள்ளி வரும்னு மட்டும் சொல்லல. ‘கப்பல் டிக்கெட் ஓசி’ன்னும் சொன்னானாம். அதுவும் பொய்யில்ல. 1907-லேருந்து தோட்ட முதலாளிமாருகிட்ட வரி வாங்கி ஒரு நிதி வச்சிருந்தாங்க, ஆள் கொண்டுவர்ற கப்பல் செலவு அதுலேருந்து போகும். ஓசிதான். வந்து சேந்தப்புறம் ஆள் எத்தனை நாள் வேலைக்கு வந்தானோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆளு சீக்கு வந்து லயத்துல படுத்தா கங்காணி ஏன் அப்படி ஓடி வந்து விசாரிப்பான்னு எங்கப்பாவுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வெளங்குச்சாம்.

இதை ஏன் சொல்றேன்னா, நீ ‘தாத்தா, 99 வெள்ளிக்கு டிக்கெட்டு’ன்னு குதிச்சுக்கிட்டு வந்தே பாரு, அந்த மூஞ்சியில உன் கொள்ளுப்பாட்டனை அப்படியே பார்த்தேன். அப்புறம் நீயே ஒவ்வொண்ணாச் சேத்தே. பெட்டிக்குத் தனிக்காசு, சன்னல் சீட்டுக்குத் தனிக்காசு, சோத்துக்குத் தனிக்காசு, விமான நிலைய வரி தனி, திரும்பி வர்றதுக்கு வேற டிக்கெட்டு. கடைசியில எத்தனை வந்துச்சுன்னு நான் கேக்கல. நீயும் சொல்லல. கங்காணி செத்துட்டான்டா, ஆனா வேலைக்கு ஆள் வச்சுட்டுத்தான் செத்திருக்கான்.

கப்பலுக்கு வருவோம். ரஜூலா. 1926-ல கட்டின கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது. மெட்ராஸ்ல கிளம்பி, நாகப்பட்டினத்துல நின்னு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஒரு வரிசை. நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. கடலுக்குள்ள தள்ளி நிக்கும். ஆளையும் மூட்டையையும் தோணியில ஏத்திக்கிட்டுப் போய், அலையோட அலையா ஆடுற நேரத்துல ஏணியைப் புடிச்சு ஏறணும். பொம்பளைங்க ஒரு கையில பிள்ளை, ஒரு கையில கயிறு. மேல்தட்டுல ஒரு பாயை விரிச்சா அதுதான் வீடு. தகரப் பெட்டி தலைமாட்டுல, ஊறுகாய் ஜாடி கால்மாட்டுல. பக்கத்துப் பாய்க்காரன் எந்தச் சாதி, எந்த ஊருன்னு முதல் நாள் விசாரிப்பாங்களாம். மூணாம் நாள் கடல் கொந்தளிச்சு எல்லாரும் ஒண்ணா வாந்தி எடுத்தப்புறம் யாரும் கேக்கலையாம். மெட்ராஸ்லேருந்து சிங்கப்பூர் வரைக்கும் கடல்ல ஏறக்குறைய ஒரு வாரம். பினாங்குல இறங்கினவங்களைப் பூலாவ் ஜெரஜாக் தீவுல கொண்டுபோய் அடைச்சு, அம்மை காய்ச்சல் ஏதும் இல்லைன்னு உறுதியான பின்னாடிதான் வெளியே விடுவாங்க. போர்ட் சுவெட்டன்ஹாம்லயும் அப்படி ஒரு முகாம். அந்தப் பேரை 1972-ல கிள்ளான் துறைமுகம்னு மாத்திட்டாங்க, கொசு மாறல. முகாம்லேருந்து ரயில், ரயில்லேருந்து லோரி, லோரியிலேருந்து நடை. துறையூர்ல கிளம்பின மனுசன் ஜெராம் பாடாங்ல பாயைப் போட்டப்ப மாசம் மாறியிருந்துச்சு.

‘பாவம்’னு சொல்லாதே. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தக் கப்பல்ல ஏறினவனை ‘எவ்வளவு நேரமாச்சு?’ன்னு ஒருத்தனும் கேக்கல. ‘எப்ப வந்தே?’ன்னுதான் கேட்டாங்க. 1938-ல இந்திய அரசாங்கம் கூலிக்கு ஆள் அனுப்புறதை நிறுத்தினப்புறம் கங்காணி கப்பல் காலம் முடிஞ்சுது. சொந்தக் காசுல போறவங்க, வர்றவங்க மட்டும் ரஜூலாவுல போய் வந்தாங்க. 1973-ல அந்தக் கிழவிக்கு ஓய்வு கொடுத்துட்டு சிதம்பரம்னு ஒரு கப்பல் வந்துச்சு. பேருக்கேத்த மாதிரி பெரிசுதான். 1985 பிப்ரவரி 12-ல சென்னைக்குப் போற வழியில, அதே நாகப்பட்டினத்துக்கு நேரா நடுக்கடல்ல தீப்புடிச்சு, பல பேரு செத்துப் போனாங்க. அதோட நம்ம கரைக்கும் சென்னைக்கும் வழக்கமா ஓடின பயணக் கப்பல் நின்னுபோச்சு. இன்னைக்கு நீ அந்த இடத்துக்கு மேல பறந்து போகும்போது, விமானத்துல ஒரு பொண்ணு வந்து இடைவாரைக் கட்டிக்கச் சொல்லும். கட்டிக்க. அங்கே சும்மா கிடக்கிற தண்ணி இல்லை அது.

பெட்டி விஷயம் ஒண்ணு பாக்கி. கப்பல்ல தூக்க முடிஞ்சதெல்லாம் கொண்டு போனாங்க. தையல் மிஷின், சைக்கிள், மரக்கட்டில் வரைக்கும் போயிருக்கு. உனக்குக் கையில 7 கிலோ, காசு கட்டினா கீழே 20 கிலோ. பாட்டி என்னென்ன கட்டி வச்சிருக்கான்னு பார்த்தியா? கோடாலித் தைலம் ஒரு டஜன், மைலோ பொட்டலம், கைலி அஞ்சாறு, துவாலை, சோப்புக் கட்டி. கோடாலித் தைலம் இப்ப துறையூர்க் கடையிலயே கிடைக்கும்னு சொல்லிப் பாரேன். ‘அது வேற, இது வேற’ம்பா. வாயைத் திறக்காதே, கட்டிக்கிட்டுப் போ. ஆனா வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி நிறுத்துப் பார்த்துக்க. விமானக் கவுண்டர்ல நிக்கிறவன் பால் ஸ்டோர்ல நின்ன எங்க கிராணி மாதிரி. அவன் தராசுல எடை அவன் பக்கம்தான் சாயும். எங்க கிராணியாவது நாம கொண்டு வந்த பாலைக் குறைச்சு எழுதினாரு. இவன் நாம கொண்டு போற மூட்டையைக் கூட்டி எழுதுவான். வாளியில தண்ணி கலந்து கிராணியைச் சமாளிச்சோம். இவனுக்கு என்ன கலக்கிறதுன்னு நீ படிச்ச பிள்ளை, யோசி. ஒரு உபாயம் சொல்லட்டா? ரெண்டு கைலியை இடுப்புல கட்டிக்க. அந்தக் கவுண்டர்ல உடம்பை இன்னும் நிறுக்க ஆரம்பிக்கல.

அங்கே போனதும் இன்னொரு கூத்து நடக்கும். திருச்சியில இப்பப் புது முனையம் கட்டியிருக்காங்க. 2024 சனவரியில பிரதமர் வந்து திறந்து வச்சாரு, ஜூன்லேருந்து ஆளு ஏற இறங்க விட்டாங்க. பளிச்சுன்னு இருக்கும். வெளியில சித்தப்பா மகன் வாடகை வண்டியோட நிப்பான். ‘எவ்வளவு நேரமாச்சு அண்ணே?’ன்னு முதல் கேள்வி கேப்பான். நீ பெருமையா ‘நாலு மணி நேரந்தான் தம்பி’ம்பே. அவ்வளவுதான், மாட்டிக்கிட்டே. ‘அப்படியா, நாலு மணி நேரத்துல இருந்துக்கிட்டா இத்தனை வருஷமா வரல?’ன்னு ஊரே திருப்பிக் கேக்கும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரல, பெரியம்மா சாவுக்கு வரல, போர் கிணறு போட்டப்பக் காசு கேட்டோம், வரல. எல்லாத்துக்கும் ‘தூரம்’னுதானே சொல்லிக்கிட்டு இருந்தோம்? உங்கப்பன் அந்தத் தூரத்தை நம்பித்தான் அந்த போர் காசுலேருந்து தப்பிச்சான். நீ போய் ஒரே வார்த்தையில அதை உடைச்சிட்டு வந்துடாதே. யாராவது கேட்டா உண்மையையே சொல்லு: ‘வீட்டுலேருந்து கிளம்பிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு சித்தப்பா, இடுப்பு ஒடிஞ்சு போச்சு.’ பொய்யும் இல்லை, மரியாதையும் தங்கும், உக்காரவச்சு முதல்ல மோரு கொடுப்பாங்க.

என்ன, தேத்தண்ணி ஆறிப்போச்சா? சரி, கடைசியா ஒண்ணு. டிக்கெட்டைப் போடுறதுக்கு முன்னாடி, துறையூர்லேருந்து நம்ம ஊருக்குக் கடைசி மினிபஸ் எத்தனை மணிக்குன்னு தெரிஞ்சுக்க. வாடகை வண்டிக்காரன் வரலைன்னா அதுதான் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது உன் போன்ல இருக்காது. சித்தப்பாவைக் கூப்பிட்டுத்தான் கேக்கணும். கூப்பிடுறதுக்கு முன்னாடி மணியைப் பார்த்துக்க, நமக்குக் காலை 7-ன்னா அவருக்கு நாலரை. நாலரைக்கு எழுப்பினா பஸ் நேரத்தைச் சொல்ல மாட்டாரு, போர் காசைத்தான் கேப்பாரு.